லாவாமான் தொட்டி

துறவிகளின் மடம் இடிந்து நானூறு வருஷம் ஆகிறது. உருப்படியாக இருந்த கல்லையெல்லாம் ஊர்க்காரர்கள் பெயர்த்துப் போய்ப் பன்றிக் கொட்டில் கட்டிக்கொண்டார்கள். பெயர்க்க முடியாமல் போன ஒரே ஒரு கல்தொட்டியை மட்டும் கும்பிடுகிறார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் லத்தீன் நடத்திய ஹெட்விக் இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவள்.

சாப்பிடப் போகுமுன் துறவிகள் கை கழுவிய தொட்டி அது. விளிம்பில் 'லாவா மானுஸ்', அதாவது 'கையைக் கழுவு' என்று வெட்டியிருந்தது. கடைசி எழுத்துகள் உடைந்து விழ, மிச்சத்தைச் சேர்த்துப் படித்த மேதாவிகள் லாவாமான் என்று ஒரு புனிதரையே பெற்றுப் போட்டார்கள். பிள்ளையில்லாத பெண் தொட்டித் தண்ணீரில் கை வைக்க வேண்டுமாம். அவளைப் பெற்றவள் பக்கத்தில் நின்று, புனிதர் பெயரைச் சொல்லிப் பேரப்பிள்ளை கேட்க வேண்டுமாம்.

இந்தக் கூத்துக்குத்தான் மகள் எமெஷே புடாபெஸ்டிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். டாக்டர்கள் மூன்று முறை முயன்று கைவிரித்துவிட்டார்கள்.

தொட்டியருகே சிவப்பு ரிப்பன் விற்கும் தெர்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "அட, டீச்சரா! நீங்களுமா?"

"நீ சும்மா இரு. என் கிளாஸ்ல வேற்றுமை உருபு ஒண்ணுகூட மண்டையில ஏறாதவ, இப்ப புனிதருக்கு ஏஜெண்டா?"

எமெஷே பாசி மிதந்த தண்ணீரில் கைகளை வைத்தாள். "சொல்லும்மா."

"படிச்சவதானே நீ? கை கழுவுற தொட்டிகிட்டப் பேரனைக் கேக்கச் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"இது என்ன தொட்டின்னு எனக்கும் தெரியும். எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்ததே நீதானே. 'எம் பொண்ணுக்கு ஒரு குழந்தை பொறக்கணும்'னு இந்த ஒன்பது வருஷத்துல நீ ஒரு தடவகூட வாயத் திறந்து சொன்னதில்லம்மா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஹெட்விக்கும் இதற்காக அழுதிருக்கிறாள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"லாவா மானுஸ்" என்றாள், கடைசி எழுத்துவரை பிசகாமல்.

தெர்காகூடச் சிரிக்காமல் ரிப்பன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எமெஷே கைகளை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "உச்சரிப்பு ரொம்பச் சுத்தம்மா. நீ காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. நான் பஸ்ல போயிக்கிறேன்."