பலகையின் கடைசி வரி

நெட்டுக்குப்பத்து முச்சந்தியில் கருணாகரன் எழுதிப் போடும் கரும்பலகைக்குப் பயப்படாத கட்சிக்காரன் கிடையாது. விடியற்காலையில் சாக்பீஸும் கையுமாக வந்து நின்றுவிடுவார். முதலில் மாநிலம், அப்புறம் டெல்லி, அதற்கப்புறம் கிரிக்கெட். ‘ஒரே வேட்டியை நாலு பேர் கட்டப் பார்த்தால் அதற்குப் பெயர் கூட்டணி’ என்று ஒருநாள் எழுதினார். ‘ஐந்து நாள் ஆட்டத்தை மூன்றே நாளில் தோற்ற நம் வீரர்கள் மிச்ச இரண்டு நாளும் விளம்பரத்தில் நடிப்பார்கள்’ என்று இன்னொரு நாள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இந்தக் குப்பத்தில் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அவரைத் திட்டியதுதான்.

மேலே இருப்பதைப் படித்து ஊர் சிரிக்கும். கடைசி வரியை நம்பித்தான் தண்ணீரில் இறங்கும். அந்த வரி ஆற்று நிலவரம். எண்ணூர் கழிமுகத்தைத்தான் இங்கே ஆறு என்பார்கள். கரையில் இருக்கும் தொழிற்சாலைகள் எந்த நேரத்தில் எதைத் திறந்துவிடும் என்று சொல்லிவிட்டா செய்கின்றன? அதனால் கருணாகரன் முதலில் போய்த் தண்ணீரைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதுவார்.

அவர் தங்கை கோவிந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. அண்ணனிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு போவாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறவள். முகம் தண்ணீரோடு ஒட்டித்தான் இருக்கும்.

ஒரு புதன்கிழமை மாலை கருணாகரனின் மகன் டில்லிபாபு வேலை முடிந்து வந்து, அப்பாவைத் தனியே கூப்பிட்டான். கரையோர ஆலையொன்றில் அவனுக்கு எட்டு வருஷமாக ஒப்பந்த வேலை. மறுநாள் விடியற்காலை தொட்டிக் கழிவை ஆற்றில் திறந்துவிடப் போகிறார்கள், வெளியே தெரிந்தால் அவன் சீட்டு கிழியும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நிரந்தர ஆர்டர் வருகிறது.

“ஆர்டர் வர்ற வரிக்கும் கம்முனு இரு நைனா” என்றான்.

கால் அரிக்கும், இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும், எத்தனை தடவை பார்த்தாயிற்று என்று கருணாகரன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் ஆற்றுப் பக்கமே போகவில்லை. அன்றைக்குப் போல அவர் என்றைக்கும் எழுதியதில்லை. அமைச்சரைக் கிழித்தார், டெல்லியைக் கிழித்தார், அணித் தேர்வாளர்களை நாறடித்தார். கடைசியில், ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால், கோவிந்தம்மா பறியோடு நிற்கிறாள்.

“இன்னாண்ணே, தண்ணி எப்டி கீது?”

இவளை மட்டும் நிறுத்தினால் மற்ற பெண்கள் ஏன் என்று கேட்பார்கள்.

“நல்லாத்தான் கீது. போய்ட்டு வா.”

எல்லோருக்கும் முன்னால் இறங்கியவள் அவள்தான். பின்னால் வந்த பெண்கள் அவளை இழுத்துக் கரையில் போட்டபோது முகமும் தொண்டையும் வெந்திருந்தன. கழிவு இந்தத் தடவை வேறு என்று கருணாகரனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ளப் போகவும் இல்லை, பாவி மனுஷன்.

ஆஸ்பத்திரியில், பார்த்து இறங்கக் கூடாதா என்று நர்ஸ் கேட்டதற்கு, அவள் திணறித் திணறிச் சொன்ன பதிலை அவர் பக்கத்திலிருந்தே கேட்டார்.

“எங்கண்ணன் பாத்துட்டுத்தான் சொல்லிச்சு. அதுக்கு அப்பால வுட்டுகிறானுங்க.”

வெள்ளிக்கிழமை காலை உயிர் போயிற்று. டில்லிபாபுவின் ஆர்டரும் அன்றைக்கே வந்தது.

பிணத்தை நடுரோட்டில் வைத்து ஊர் மறியலில் உட்கார்ந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். பேச யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் கருணாகரனைத்தான் முன்னால் தள்ளினார்கள். மைக்கை நீட்டினார்கள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். கூட்டத்தின் கடைசியில் டில்லிபாபு தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

கருணாகரன் பேசினார். ஆலையைக் கேட்டார், அதிகாரிகளைக் கேட்டார், ஓட்டு வாங்கிப் போனவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கேட்டார். ஒரு ஏழைப் பெண்ணின் உயிர் உங்களுக்கு அவ்வளவு மலிவா என்று கேட்கும்போது நிஜமாகவே குரல் உடைந்தது. கூட்டம் கை தட்டியது. கேமராக்காரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மைக் நகர்ந்ததும், கோவிந்தம்மாவின் மகள் வினிதா தலைவிரிகோலமாக வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா கேட்ட மாமா. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்ட.”