கை எட்டாத இடம்

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, தச்சருக்குச் செருப்பை மாட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. குனிந்தால் தொடை கத்தியது, நிமிர்ந்தால் முதுகு கத்தியது. ஐம்பது வருடமாக உடம்பில் இருப்பதே தெரியாத தசைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டன. வீட்டுக் கூடத்தில் மனைவி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக் கூடாதென்று 'அம்மா'வை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார்.

இருவரும் பேசி ஒன்பது நாளாகிறது. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஆண்டு விழாவில், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தபோது, தொப்பையை உள்ளிழுத்து மூச்சைப் பிடித்து நின்ற இவருடைய சட்டைப் பொத்தான் தெறித்து முதலாளியின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. ஊரே சிரித்தது, அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவள். அவள் மன்னிப்புக் கேட்கும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்வாள். "பசிச்சா சாப்பிடுவாங்க" என்று இவர் சுவருக்குப் பதில் சொல்வார். குடும்பம் இப்படியாக ஓடிக்கொண்டிருந்தது.

வலிக்கென்று ஒரு மசாஜ் கன் வாங்கியிருந்தார். துளை போடும் இயந்திரத்தின் தம்பி மாதிரி இருந்ததால் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. நுனியில் ரப்பர் உருண்டை. பொத்தானை அழுத்தினால் தடதடவென்று தசையைக் குத்தும். தொடையும் கெண்டைக்காலும் தேவலாம் என்றாயிற்று. ஆனால் வலியின் தலைமையகம் முதுகின் நடுவில் இருந்தது. அங்கே கை எட்டவில்லை. எட்டக்கூடிய கை ஒன்று கூடத்தில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்பதற்கு வலியே மேல்.

தச்சர் மூளை வேறு எப்படி வேலை செய்யும்? வீட்டை ஒட்டிய பட்டறைக்குப் போய், மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் அந்தக் கருவியை வைத்து முறுக்கினார். முக்காலியைப் போட்டு, உருண்டைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். ஆஹா! கண் சொருகியது. கருவி கொஞ்சம் ஆடியது. கையைப் பின்னால் விட்டு, குத்துமதிப்பாக இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.

அந்த அரைச் சுற்றில் பனியனும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

எழப் பார்த்தார், பனியன் இழுத்து உட்கார வைத்தது. ஒருமுறை பின்னால் போய் வந்த கை, மறுமுறை போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பனியனைக் கழற்றலாமென்றால் கை தலைக்கு மேல் போனால்தானே. கருவியோ விடாமல் அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. பலகையின் மேல் டப்பாவிலிருந்த ஆணிகள் கலகலவென்று ஆடின.

கூப்பிட்டால் தோற்றதாக ஆகும். அதுகூடப் பரவாயில்லை. இந்தக் கோலத்தைப் பார்த்து அவள் மறுபடியும் அப்படிச் சிரிப்பாளே, அதை நினைத்தாலே நெஞ்சு வலித்தது.

"யா-யா-யாராவது இருக்கீங்களா?"

"யாரும் இல்ல" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது.

"ஒ-ஒரு ஆளு இங்க மா-மாட்டிக்கிட்டாங்க!"

செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. வந்து வாசலில் நின்றாள். முக்காலி, வைஸ், பனியன், நடுவில் தடதடக்கும் புருஷன், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு கையால் கருவியைப் பிடித்து, மறு கையால் வைஸைத் தளர்த்திப் பனியனை விடுவித்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒன்பது நாளாக இந்த வீட்டில் யாருமே சிரிக்கவில்லை, தொலைக்காட்சி முன்னால்கூட. தனக்குப் பயந்து இவள் சிரிப்பை அடக்குகிறாள். பொத்தான் தெறித்ததைவிட இது அவமானமாக இருந்தது.

"சிரிச்சுடும்மா" என்றார். "அடக்காத, மூச்சு நின்னுடப் போகுது."

"நான் எங்க சிரிச்சேன்?"

"பொத்தான் எங்க போய் விழுந்துச்சு, சொல்லு பாப்போம்."

"டீயில..." என்றாள். "அதை அவரு ஸ்பூனால எடுத்து, தொடச்சு, உங்க கையில..." அதற்கு மேல் முடியவில்லை. வெடித்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டே கருவியை அவர் முதுகில் வைத்தாள். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

சிரிப்பில் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. உருண்டை தோளுக்கு ஓடியது, விலாவுக்கு நழுவியது, முதுகெல்லாம் அலைந்தது. வலிக்கிற இடத்தை மட்டும் தொடவேயில்லை.

"அங்கதான்" என்றார் தச்சர், கண்ணை மூடிக்கொண்டு. "அங்கயேதான்."