சரிவுப் புல்

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்குப் பின்னால் நிலம் சட்டென்று சரிந்து கால்வாயில் போய் முடியும். அந்தச் சரிவில் ஒரு மழை பெய்தால் போதும், புல் இடுப்பளவுக்கு வந்துவிடும். புது மாதிரி புல்வெட்டிகள் அங்கே சரிப்பட்டு வராது. சாய்த்து ஓட்டினால் அடியில் கிடக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் வறண்டுபோகும். பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தத் தொல்லை கிடையாது. ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. இதையெல்லாம் அவர் கடைக்கு வருகிறவர்களிடம் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே சொல்லுவார். எழுத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவும் முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரிவு ஒரு சாக்கு என்பது அவர் மனைவிக்குத் தெரியும். ஒரு சரிவுக்கு எதற்கு மூன்று இயந்திரங்கள்? மூன்றுமே அவரைவிட வயதில் மூத்தவை. அவை நிற்கும் தகரக் கொட்டகைக்கு அவள் வைத்திருந்த பெயர் சின்னவீடு. “சாப்பிட வரச் சொல்லலாம்னு பார்த்தா ஆள் சின்னவீட்டுல” என்று தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வருடம் அவளுடைய தம்பி வந்து தங்கினான். ஆறடிக்கு மேல் உயரம், ஆனாலும் வீட்டில் அவன் குட்டி. லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து சோபாவில் படுத்தபடி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில். அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவனை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று கணவரிடம் சொன்னாள். அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

கொட்டகையைப் பார்த்ததும், இதெல்லாம் எடைக்குப் போட வேண்டியது என்றான் குட்டி. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மூன்றில் பச்சை நிறத்தது வெகுகாலமாக ஓடாமல் கிடந்தது. அதன் கார்புரேட்டரைப் பிரித்தான், அடைப்பை ஊதினான், பிளக்கைத் தேய்த்தான். கயிற்றை ஒரே இழுப்பு. நீலப் புகையைக் கக்கிக்கொண்டு அது பிடித்துக்கொண்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. குட்டி வாய்விட்டுச் சிரித்தான். சமையலறையில் அதைக் கேட்ட அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பல மாதங்களாக அவள் கேட்காத சிரிப்பு அது. அன்றைக்குப் புகையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் மச்சானும் மச்சினனும் கொட்டகையே கதியென்று ஆனார்கள். சரிவு முழுவதும் மொட்டைத் தலை போலச் சுத்தமானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோலும் ஆயிலும் கலந்து வைத்திருந்த டப்பாவில் விரிசல் விட்டு ஒழுகியது. கண்ணாடிக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். காலி ஜூஸ் பாட்டில் ஒன்று கிடந்தது. மிச்சத்தை அதில் ஊற்றி மூடி நிழலுக்காகச் சுவரோரம் வைத்தார். ஆயிலின் சிவப்பு கலந்து அது பார்க்க இளஞ்சிவப்பாக இருந்தது. குட்டியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

வெயிலில் சரிவை முடித்துவிட்டு மேலே ஏறிவந்த குட்டிக்குத் தொண்டை வறண்டிருந்தது. கையிலும் சட்டையிலும் ஏற்கெனவே பெட்ரோல் வாடை. ஜூஸ் என்று எடுத்துத் திறந்த பாட்டிலிலிருந்து வந்த வாடை தனியாகத் தெரியவில்லை. அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டான்.

அவர் ஓடிவந்தபோது அவன் மண்டியிட்டு இருமிக்கொண்டிருந்தான். பதறிப்போய், வாந்தி எடுக்க வைக்கலாமென்று அவன் வாயில் விரலை விடப் போனார். மனைவி ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“வேண்டாம். திரும்ப மேல வந்தா நுரையீரலுக்குப் போயிடும். வண்டிக்குச் சொல்லுங்க.”

ஆனாலும் முதல் இருமலிலேயே கொஞ்சம் உள்ளே போயிருந்தது. மறுநாள் காய்ச்சல் ஏறியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். குடிக்கிற பாட்டிலில் இதை ஊற்றியது யார் என்று டாக்டர் பொதுவாகக் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். இவனுக்கு எப்போதும் அவசரம், எதை எதில் ஊற்றுவது என்ற விவஸ்தையே கிடையாது என்றாள். கட்டிலருகே உட்கார்ந்து அழுதுகொண்டே அதையே சொல்லித் திட்டினாள். மாஸ்க்குக்கு மேலே குட்டியின் கண்கள் அத்தானைத் தேடின. அவர் தரையைப் பார்த்தார். குட்டி மெல்லத் தலையை ஆட்டினான், தப்பு தன்னுடையதுதான் என்பது போல.

அந்தத் தலையாட்டல் அவரை விடவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவன் தேறட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். கடையைத் திறந்தால் வேலை ஓடவில்லை. ஒரு பெரியவரைப் பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு, மன்னிக்கச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினார். நேரே மருந்துக்கடைக்குப் போனார்.

“அந்தப் பாட்டில்ல ஊத்தினது நான்.”

அவள் எதிரே நின்ற அம்மாளுக்கு மாத்திரையை உறையில் போட்டு, சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

“நான் அவனைத் திட்டறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“சரி, போங்க. ஆளுங்க காத்திருக்காங்க.”

குட்டி பிழைத்து வந்தான். ஆனால் மாடிப்படி பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் என்றால் கட்டடத்தின் உச்சி வரை ஏறி இறங்க வேண்டும். அது இனி முடியாது. வேறொரு கம்பெனியில், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுத்துப் பேசும் வேலை கிடைத்தது. தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனான்.

இயந்திரங்கள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றாள் மனைவி. அவர் விற்க ஏற்பாடு செய்தார். வாங்க ஆள் வந்து இரண்டை ஏற்றிக்கொண்டு போனான். பச்சையை ஏற்றுவதற்குள் குட்டி போன் செய்தான்.

“அதை மட்டும் குடுத்துடாதீங்க அத்தான். அது என்னை ஒண்ணும் பண்ணலை.”

அப்படியானால் அவன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்றாள் அக்கா. யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கடைக்காரர் மச்சினன் வீட்டுக்குப் போகிறார். கயிற்றை இழுக்கக் குட்டிக்கு மூச்சு போதாது. இவர் இழுக்க, அவன் காற்று வரும் பக்கமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டு கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுகிறான். புல் வெட்ட அங்கே கைக்குட்டை அளவு இடம்கூட இல்லை.

போன வாரம் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குட்டி கேட்டான்.

“அக்கா பேசுதா?”

“பேசுறா. சாப்பிட வாங்க, விளக்கை அணைங்கன்னு.”

“நீங்க ஊத்தினதுக்கு அக்காவுக்குக் கோபம் இல்லை அத்தான். சொல்லாம நின்னதுக்குத்தான்.”

“தெரியும் மாப்ள.”

குட்டி ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்கும்தான்” என்றான்.

குட்டி ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருகிவிட்டு, இன்னொரு தரம் இழுங்கள் என்றான். அவர் குனிந்து கயிற்றைப் பிடித்தார்.