மரம் நின்ற இடம்

அழகன் உயிரோடிருந்தபோதே வீடு தங்காத மனிதர். செத்தும் அந்தக் குணம் போகவில்லை. கணினித் திரையில் பெரிதாக்கப் பெரிதாக்க, அவரைப் புதைத்த இடம் வலது பக்கக் கீழ்மூலைக்கு ஓடி மறைந்தது.

பாவம், குற்றம் அவருடையதல்ல, மகள் கிருஷாந்தியுடையது. ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கம்பனியில் அவளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. ட்ரோன் எடுத்த தோட்டப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்கச் சொந்தத் தோட்டத்தின் படத்தையே எடுத்துக்கொண்டாள். தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேமலையில் தேயிலைக்கு நடுவே ஒற்றைச் சவுக்கு மரம். அதனடியில்தான் அப்பா.

அம்மா பிரேமினி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். சாவுக்கு வர எசமானி விடவில்லை. போனில் அனுப்பிய போட்டோவில் மரமும் மண்ணும் தெரிந்தன. மலையில் அது எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. அதைப் பார்க்காமல் அவள் மனம் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை எசமானி வீட்டார் வெளியே போனதும் அம்மா வீடியோ கோல் எடுத்தாள். கிருஷாந்தி போனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

“என்னடி, போன வாரம் மாதிரி இன்னைக்கும் ஓடிருவாரா ஒங்கப்பா?”

“இல்லம்மா. புடிச்சு வச்சிட்டேன்.”

தப்பு காலையில்தான் பிடிபட்டிருந்தது. புரோகிராம் எல்லாவற்றையும் திரையின் இடது மேல்மூலையிலிருந்து அளந்து பெருக்கியது. மூலை மட்டும் அசையாது, மற்றதெல்லாம் விலகி ஓடும். இப்போது மவுஸ் நிற்கும் புள்ளியிலிருந்து அளக்கும்படி மாற்றியிருந்தாள்.

மரத்தின் மேல் மவுஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினாள். மரம் நின்ற இடத்திலேயே நின்று பெரிதானது. கடைசியில் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.

“ஒண்ணும் வெளங்கலையே புள்ள. சின்னதாக்கு.”

சக்கரத்தைத் திருப்பினாள். மரம் அசையவில்லை. தேயிலை நெருங்கி வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வந்தது. கோயில் வந்தது, வரிசை வீடுகளான லயத்துக் கூரைகள் வந்தன. நாலா பக்கமிருந்தும் எல்லாம் மரத்தைப் பார்த்து வந்தன. அதோடு படம் முடிந்து சுற்றிலும் வெறும் வெள்ளை.

“நம்ம வாசல்ல நின்னா தெரியுமே, அந்த மரமா?”

“அதேதாம்மா.”

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் அவருகிட்ட வந்துட்டாங்க. நாந்தான் வரல.”

அம்மாவும் வந்துவிடமாட்டாளா என்று கிருஷாந்தி பைத்தியக்காரத்தனமாகச் சக்கரத்தை இன்னும் உருட்டினாள். மலை சுருங்கிச் சுருங்கி ஒரு தேயிலை இலையளவு ஆனது. வெள்ளைதான் கூடிக்கொண்டே போனது.