எதிர் வீட்டு ஃபெம்கே கேட்டது

கனடாவிலிருந்து நெதர்லாந்தின் உட்ரெக்டுக்குக் குடிவந்த முதல் மாதமே மார்னி, அதே அடுக்குமாடியில் எதிர் வீட்டு ஃபெம்கேயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"என்கிட்ட இங்கிலீஷ்ல பேசவே கூடாது. டச்சுதான். அப்பதான் எனக்கு வரும்."

அந்த ஊரில் வெளியூர்க்காரர்கள் இரண்டு வார்த்தை தடுமாறினால் போதும், உள்ளூர்க்காரர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஃபெம்கே தாவவில்லை. ரயில் ஓட்டுகிறவள், சொன்னால் சொன்னபடி நடப்பவள்.

மார்னியும் வகுப்புக்குத் தவறாமல்தான் போனாள். ஆனால் வகுப்பில் ஆசிரியை பேசும் டச்சு வேறு, சைக்கிள் கொட்டகையில் ஃபெம்கே மடமடவென்று கொட்டும் டச்சு வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காதில் சிக்கும். மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்க முதலில் கூச்சம். நாள் ஆக ஆக, இத்தனை நாள் கழித்து எப்படிக் கேட்பது என்று இன்னும் கூச்சம். அதனால் ஃபெம்கேயின் முகத்தைப் பார்த்து, அதற்கேற்றபடி "அப்படியா" என்றோ "பிரமாதம்" என்றோ போட்டுவைப்பாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. "எனக்கும் ஃபெம்கேக்கும் நடுவுல டச்சைத் தவிர வேற பாஷையே கிடையாது, தெரியுமா?" என்று கணவன் காலினிடம் பீற்றிக்கொள்வாள். காலின் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளாதவன். "நீ பெரிய ஆளும்மா" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஃபெம்கே கொட்டகையில் அவளை நிறுத்தி நீளமாக ஏதோ சொன்னாள். 'அப்பா', 'சனிக்கிழமை', 'நாலு மணி' மூன்றும் பிடிபட்டன. அப்பா ஊரிலிருந்து வருகிறார் போலிருக்கிறது, நல்ல விஷயம்தான் என்று மார்னி நினைத்தாள்.

"பிரமாதம்! கண்டிப்பா!" என்றாள்.

ஃபெம்கே அவள் இரண்டு கையையும் பிடித்து அழுத்தினாள். அந்த நன்றி மட்டும் மார்னிக்கு நன்றாகவே புரிந்தது. எதற்கென்று அவள் யோசிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் காலினோடு பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்கு ரயில் ஏற வேண்டும். பை இன்னும் கட்டவில்லை.

கென்ட்டில் படகில் போனார்கள், கோபுரம் ஏறினார்கள். சாப்பாட்டுக் கடையில் மார்னி டச்சில் சூப் கேட்க, பரிமாறியவர் டச்சிலேயே பதில் சொல்லிவிட்டார். காலின் கைதட்டினான். அவளுக்குக் காதுவரை சிரிப்பு.

ஞாயிறு மாலை வீடு திரும்பினபோது எதிர்க் கதவு திறந்தது.

"எங்க போயிருந்தீங்க?" என்றாள் ஃபெம்கே. ஆங்கிலத்தில்.

"கென்ட்டுக்கு... ஏன், நாம டச்சுலதானே..."

"எங்க அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன். நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பிட்டாங்க. எனக்கு லீவு கிடைக்கல. நான் வர்ற வரைக்கும் உங்க வீட்டுல உட்கார்ந்திருக்கட்டுமான்னு கேட்டேன். கண்டிப்பான்னு சொன்னே."

மார்னி தோளில் தொங்கிய பையைக் கீழே வைத்தாள்.

"டாக்ஸிக்காரன் இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். உங்க மணிய அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டார். தாழ உட்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. ரயில் ஓட்டுறப்ப எனக்குப் போன் எடுக்கவும் முடியாது." ஃபெம்கே வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்ரூம் போக வழியில்லாம பேன்ட் நனைஞ்சு போச்சு. நான் வந்ததுலேர்ந்து என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறார்."

"மறந்தே போச்சு, ஃபெம்கே," என்றாள் மார்னி. வாயில் முதலில் வந்தது அதுதான். "மன்னிச்சிடு. சுத்தமா மறந்துட்டேன்."

"மறந்துட்டே," என்று ஃபெம்கே கதவைச் சாத்தினாள்.

உள்ளே வந்ததும் காலின் கேட்டான்: "என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"அவ என்ன கேட்டான்னே எனக்குப் புரியல, காலின்."

"அட, அதைச் சொல்ல வேண்டியதுதானே? மறந்துட்டேன்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ தேவலையே!"

தேவலைதான். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று பெயர் எடுத்தாலும் எடுப்பேன், டச்சு தெரியாதவள் என்று மட்டும் தெரியக்கூடாது என்றல்லவா அவள் வாய் தானாகத் தீர்மானித்திருந்தது! அதை நினைக்க நினைக்க மார்னிக்கு உடம்பு கூசியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் போய்க் கதவைத் தட்டினாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள்:

"நான் மறக்கல. நீ பேசினது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்."

ஃபெம்கே அவளை உற்றுப் பார்த்தாள். "எத்தனை நாளா இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்தே. பாதிக்கு மேல புரியாது."

"போன குளிர்காலத்துல எங்க அம்மா செத்ததைச் சொன்னேனே? கொட்டகையில நின்னு அழுதேனே?"

மார்னிக்கு நினைவிருந்தது. வேலையில் ஏதோ தகராறு என்று நினைத்து, தோளைத் தட்டி, "அப்படியா" என்று சொல்லியிருந்தாள். அம்மா இறந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

"அன்னைக்கு நான் சொன்னதை என் அண்ணன்கிட்டகூடச் சொன்னதில்ல," என்றாள் ஃபெம்கே. "குறுக்க பேசாம, புத்தி சொல்லாம கேட்டுக்கிட்டே நின்னியேன்னுதான் உன்கிட்ட சொன்னேன்."

"இப்ப சொல்லேன், ஃபெம்கே. மெதுவா சொல்லு. கேக்கிறேன்."

"வேண்டாம்." அவள் கோபப்படவில்லை. களைத்துப்போனவள் போலத்தான் இருந்தாள். "இனிமே இங்கிலீஷ்லயே பேசிக்கலாம்."

அடுத்த வாரம் போவதாக இருந்த இன்னொரு பயணத்தை மார்னி ரத்து செய்தாள். வீட்டில் உட்கார்ந்து, ஃபெம்கேயின் அப்பா கெரிட்டிடம் மன்னிப்புக் கேட்க டச்சில் நாலு வாக்கியம் பாடம் பண்ணினாள்.

ஒருநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கெரிட் நடைவண்டியைப் பிடித்தபடி வெளிவாசலை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தார். மார்னி எதிரே போய் நின்று, தப்பும் தவறுமாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் காதைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். பிறகு சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து, உரக்கச் சொன்னார்:

"பரவாயில்ல... ம்மா. வெளியே... மழை. குடை... எடுத்துக்கோ."

ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்தது. நன்றி சொல்லிவிட்டு, முகத்தை மறைத்துக்கொள்ள இடம் கிடைத்தாற்போலக் குடை எடுக்க உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கெரிட் ஒரு கையால் நடைவண்டியை ஊன்றிக்கொண்டு, மறு கையால் அவளுக்காக வெளிக்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார்.