பியாரி நிகழ்ச்சிக்கு இரண்டு பதிவுகள்

ராச்சப்பாவுக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும், அதுவும் தார்வாடுப் பக்கத்துக் கன்னடம். நேத்ராவதி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன வானொலி நிலையத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இருந்தும் மாலை ஏழு மணிக்குமேல் தன் கையால் ஒலிபரப்பாகும் பேச்சில் பாதிக்குமேல் அவருக்கு விளங்காது. ஏழு மணிக்கு அந்தக் கடலோரத்து முஸ்லிம்கள் பேசும் பியாரி, ஏழே காலுக்குப் பெங்களூரிலிருந்து கன்னடச் செய்தி, ஏழு இருபத்தைந்துக்குக் கொங்கணி, ஏழே முக்காலுக்குத் துளு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒலியளவு காட்டும் முள் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்வார். யார் எந்த இடத்தில் மூச்சு விடுவார்கள், யார் முடிக்கும் முன் தொண்டையைச் செருமுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், "நல்லாத்தான் பேசினாங்க" என்பார்.

அன்று நோன்பின் இருபத்தொன்பதாம் நாள். பியாரி நிகழ்ச்சியை நடத்தும் மிஸ்ரியா மத்தியானமே வந்து பதிவு செய்துவிட்டு, கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டை ஒட்டினாள்.

"ராச்சப்பா சார், இங்க பாருங்க. ரெண்டு பதிவு இருக்கு. ஒண்ணு, பிறை தெரிஞ்சாச்சு, நாளைக்குப் பெருநாள்னு. ரெண்டாவது, பிறை தெரியல, நாளைக்கும் நோன்புன்னு. காஜியார் ஆபீஸ்லேருந்து ஃபோன் வரும். அதுப்படி போட்டுருங்க."

"நீயே இருந்து பேசிட்டுப் போனா ஆகாதாம்மா?"

"நோன்பு துறக்க வீட்ல எட்டு பேர் காத்திருப்பாங்க. அதுல ஒருத்தர் மாமியார். இன்னைக்கு நான் இங்க உட்கார்ந்தா, எனக்கு வருஷம் பூரா நோன்புதான் சார்."

சிரித்துக்கொண்டே அவள் மலைப்பக்கத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவள் வீட்டில் கைப்பேசி எடுக்காது. பின்வாசல் பலாமரத்தடிக்குப் போய் நின்றால்தான் உண்டு.

ஏழு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது ஃபோன் வந்தது. ஆனால் காஜியார் அலுவலகத்திலிருந்து அல்ல. வடக்கே கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து நிலையத்துக்குச் செய்தி சொல்லும் ஆள். பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"பிறை தெரிஞ்சிருச்சு சார்! இங்க எல்லாரும் பாத்துட்டாங்க!"

ராச்சப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தவர்கள். வானத்தில் இருப்பது ஒரே நிலா. அங்கே தெரிந்தால் இங்கேயும் தெரிந்த மாதிரிதானே. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காஜியார் உண்டு, அவர் சாட்சிகளை நேரில் விசாரித்து ஒப்புக்கொண்டால்தான் அந்த ஊருக்குப் பிறை என்பது ராச்சப்பாவுக்குத் தெரியாது. அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று மிஸ்ரியாவுக்கும் தோன்றியிருக்கவில்லை. மணி ஏழு. ஒன்றாம் பதிவை ஓடவிட்டார். முடியும் இடத்தில் மிஸ்ரியா வாழ்த்துச் சொல்லிச் சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவரும் சிரித்துக்கொண்டார்.

ஏழு பன்னிரண்டுக்கு இன்னொரு ஃபோன்.

"காஜியார் ஆபீஸ்லேருந்து பேசறோம். நாளைக்குப் பெருநாள்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"வடக்கேருந்து சொன்னாங்க சார். எல்லாரும் பாத்தாங்களாம்."

"அது அவங்க ஊரு. நம்ம ஊருக்கு ரெண்டு சாட்சிங்க கார்ல வந்துட்டிருக்காங்க. காஜியார் இன்னும் அவங்களை விசாரிக்கவே இல்லை."

"நிலா ஒண்ணுதானே சார்?"

"நிலா ஒண்ணுதான். சாட்சி வேற." அந்த மனிதர் கோபப்படவில்லை, அதுதான் ராச்சப்பாவை இன்னும் வதைத்தது. "டவுன்ல இருக்கறவங்களுக்கு நாங்க பள்ளிவாசல்லேயே சொல்லிருவோம். ஆத்துக்குள்ள குதுருல இருக்கறவங்களுக்கு உங்க ரேடியோவை விட்டா ஒண்ணும் இல்லை. பாத்துக்குங்க."

குதுரு என்பது ஆற்றுக்கு நடுவில் இருக்கும் மணல்திட்டு. பதினைந்து வீடுகள். அவற்றில் பன்னிரண்டு பியாரிகளுடையவை. பள்ளிவாசல் இல்லை, கைப்பேசிக் கோபுரம் இல்லை, ஏழு மணிக்குமேல் படகும் இல்லை. அவர்கள் இந்நேரம் பெருநாள் என்று நம்பி ரேடியோவை அணைத்திருப்பார்கள். விடியுமுன் எழுந்து உண்ண மாட்டார்கள். காலையில் நோன்பு நாளில் பலகாரம் தின்பார்கள். அவர் கையால்.

ராச்சப்பாவின் கை கழுத்தில் தொங்கிய, லிங்கம் வைத்த வெள்ளிச் சிமிழைத் தொட்டது. லிங்கபூஜை செய்யாமல் முப்பது வருஷத்தில் ஒரே ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார், ரயிலில், காய்ச்சலில், நினைவு தப்பி. அந்தக் கவளத்தின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

உள்ளே வந்த பெனெடிக்டா பாய் அவரைப் பார்த்துக் குடையை மடக்க மறந்து நின்றாள். இருபது வருஷமாகக் கொங்கணி நிகழ்ச்சி நடத்துகிறவள். பாய் என்பது கொங்கணியில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"என்ன சார், மூஞ்சி அவிச்ச பலாக்கொட்டை மாதிரி இருக்கு?"

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே குழம்பியது. நாளைக்குப் பெருநாள் இல்லையா, அல்லது இல்லை என்றும் சொல்ல முடியாதா?

"ரெண்டாவது பதிவைப் போட்டுறலாமா பாய்?"

"சாட்சிங்க வந்து, காஜியார் சரின்னுட்டா? அப்ப மூணாவது தடவை மாத்துவீங்களா? இன்னும் தெரியலைன்னு சொல்ற பதிவு இருக்கா?"

இல்லை. உண்டு என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு ஒன்று, அவ்வளவுதான் இருந்தது. மிஸ்ரியாவின் எண்ணை நான்கு முறை சுழற்றியாகிவிட்டது. பலாமரத்தடியில் யாரும் இல்லை.

துளு நிகழ்ச்சிக்கு வந்த லோகய்யா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "அட, நிலா ஒண்ணுதானே மாராயரே?"

"வாயை மூடு லோகய்யண்ணெ. அதைச் சொல்லித்தான் இவர் மாட்டிக்கிட்டார்." பெனெடிக்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பெங்களூர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் நடுவில் நிறுத்த முடியாது. "குதுருல பியாரிங்க ரேடியோவை அணைச்சிருப்பாங்க, சரி. மீதி மூணு வீடு யாரு?"

"கிரேசியம்மா வீடு, உங்க ஆளு. ரெண்டு வீடு எங்க ஆளுங்க" என்றார் லோகய்யா.

"அவங்க இப்பத்தானே ரேடியோவைத் திருகுவாங்க. கொங்கணியிலயும் பியாரியிலயும் சொல்லிட்டா, அவங்க போய்ப் பக்கத்து வீட்ல சொல்லிர மாட்டாங்களா?"

ராச்சப்பாவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஒரு நிகழ்ச்சியில வேற மொழி பேசக் கூடாதுன்னு விதி இருக்கே பாய்."

"நீங்கதானே டூட்டி ஆபீஸர்? வேணாம்னா சொல்லுங்க, கொங்கணியில சமையல் குறிப்பு சொல்லிட்டுப் போறேன்."

அவர் பணிப்பதிவேட்டை இழுத்து, நேரம் போட்டு, தவறு என்னுடையது, திருத்தம் என் அனுமதியோடு என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு சொன்னார். "ஒண்ணு மட்டும் பாய். என் பேரைச் சொல்லுங்க. பாக்கப்போனா அதுல பேசினது மிஸ்ரியா குரல். அந்தப் பொண்ணு பொய் சொல்லிட்டான்னு யாரும் நினைச்சிரக் கூடாது."

பெனெடிக்டா தலையாட்டிவிட்டு மைக் முன் போய் உட்கார்ந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் அவள் கொங்கணியில் பேசினாள். ராச்சப்பாவின் காதுக்குத் தன் பெயர் மட்டும் தெரிந்தது. கூட்டத்தில் தெரிந்த முகம் தென்பட்ட மாதிரி அது வந்து போனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பியாரியில் தொடங்கினாள். ஓட்டுத் தொழிற்சாலைச் சந்தில் பியாரிக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள் அவள். தெரிந்ததெல்லாம் மீன் பேரம் பேசும் பியாரி. லோகய்யா முண்டாசுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ராச்சப்பா.

"பெருநாள் இன்னும் தராசுலதான் இருக்கு, எடை போட்டு முடிக்கல, யாரும் கூடையில போட்டுக்காதீங்க, அப்படின்னு."

ஃபோன்கள் அடிக்கத் தொடங்கின. ஒருவர் பெருநாளா இல்லையா என்றார். ஒருவர் எங்கள் பெருநாளைப் பற்றிக் கொங்கணிக்காரி ஏன் சொல்கிறாள் என்றார். இன்னொருவர் இறைச்சிக்கு மசாலா அரைத்தாகிவிட்டது, அதை என்ன செய்வது என்று கேட்டார். ராச்சப்பா எல்லோருக்கும் ஒரே பதிலைக் கன்னடத்தில் சொன்னார். "தப்பு என்னோடதுங்க. காத்திருங்க." ஏழே முக்காலுக்கு லோகய்யா உள்ளே போய்த் துளுவில் சொன்னார். அதிலும் அந்தப் பெயர் வந்து போனது.

எட்டு இருபதுக்குக் காஜியார் அலுவலகம் கூப்பிட்டது. சாட்சிகள் சொன்னது ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. பிறை ஏற்கப்படவில்லை. நாளையும் நோன்பு. ராச்சப்பா அதை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகு, இரண்டாம் பதிவை ஒலிபரப்பினார்.

குதுருவில் யார் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பூஜை செய்தார். ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார். இறங்கவில்லை. மறுநாள் காலையும் இறங்கவில்லை. நோன்பு என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அவர்கள் தின்றார்களா என்று தெரியாமல் தான் எப்படித் தின்பது, அவ்வளவுதான்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு மிஸ்ரியா வந்தாள். அவளோடு, கையில் இளநீர்க் குலையோடு, நரைத்த தாடிக்காரர் ஒருவர்.

"இவர் அந்துஞ்ஞிக்கா சார். குதுருல படகு ஓட்டறவர். ராச்சப்பாங்கறது யாருன்னு பாக்கணுமாம்."

ராச்சப்பா நாற்காலியை விட்டு எழுந்து கைகூப்பினார். "காலையில... சாப்பிட்டுட்டீங்களா?"

"கேளுங்க கதையை" என்று அந்துஞ்ஞி உட்கார்ந்தார். "நேத்து நாங்க ரேடியோவை மூடிட்டுப் பிள்ளைங்களுக்கு மருதாணி வெச்சிட்டிருக்கோம். கிரேசியம்மா டார்ச்சோட வந்து, பெருநாள் வேணாமாம்ங்கறா. யார் வேணாம்னாங்கன்னு கேட்டா, ராச்சப்பான்னு ஒருத்தராம். அவ போறதுக்குள்ள துளு வீட்டு வாசு முழங்கால் சேறோட வந்து, காஜியாரைக் கார்ல கூட்டிட்டுப் போயிட்டாங்களாம், ராச்சப்பாதான் காரணமாம்ங்கறான். பின்னாடியே அவன் அண்ணன் வந்து, நிலா வடக்கே போயிருச்சுன்னான். எங்களுக்கு ஒண்ணும் புரியல."

"அப்புறம்?"

"மூணு வீட்டுக்காரங்களும் அடுப்பை விட்டுட்டு வாசல்ல வந்து நின்னா, ஏதோ விஷயம் இருக்குன்னு தெரியாதா? ரேடியோவைத் திருகினோம். விடாம வெச்சிருந்தோம். எட்டரைக்கு இந்தப் பொண்ணு நாளைக்கும் நோன்புன்னுச்சு. சேதி சொல்ல வந்த மூணு பேரும் எங்க கூடவே உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் போனாங்க. பன்னிரண்டு வீட்லயும் விடியுமுன்னே எழுந்து சஹர் சாப்பிட்டோம் சார்."

ராச்சப்பா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மிஸ்ரியா அவருடைய உலர்ந்த உதட்டைப் பார்த்தாள்.

"நீங்க எப்ப சார் சாப்பிட்டீங்க?"

"இறங்கலம்மா. நேத்திலேருந்து."

அவளும் அந்துஞ்ஞியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் அரிவாளால் ஓர் இளநீரைச் சீவி அவர் முன் வைத்தார். "இதுல எங்க சட்டி பானை எதுவும் படல சார். மரம், அரிவாள், அவ்வளவுதான்." சற்றைக்கெல்லாம் தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. இருவரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். ராச்சப்பா சிமிழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இளநீரைக் குடித்தார்.

"இன்னைக்கு நீ வீட்டுக்குப் போகலையாம்மா?"

"மாமியார்தான் அனுப்பினாங்க. அந்த மனுஷனைத் தனியா விடாதே, நாளைக்குக் கிறிஸ்மஸ்னு போட்டுருவார்னு."

மணி ஆறு ஐம்பத்தெட்டு. ராச்சப்பா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "காஜியார் கூப்பிடலையே?"

"முப்பது நோன்பு முடிஞ்சுது சார், அதுக்குமேல மாசம் கிடையாது. இன்னைக்குப் பிறையை யாருமே பாக்கலைன்னாலும் நாளைக்குப் பெருநாள்தான்."

"யாரும் பாக்காமலேயா? நேத்து பாத்தும் இல்லைன்னாங்களே!"

மிஸ்ரியா சிரித்தபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அந்துஞ்ஞியைப் பார்த்தார். இருவரும் தலையாட்டிய பிறகே பொத்தானை அழுத்தினார். அவள் பேசினாள். நடுவில் அவர் பெயர் இரண்டு முறை வந்தது. அந்துஞ்ஞி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெனெடிக்டா, "என்ன சொல்றா அவ?" என்றாள்.

ராச்சப்பா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் சொல்றா" என்றார்.