வெறுங்கால் அத்தான்

அந்தப் பிசியோதெரபிஸ்ட் நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான். கதவைத் திறந்து வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவர்களுடைய நடையைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். விரலால் இறுக்கிப் பிடித்தால்தான் கழலாமல் இருக்கும் தட்டைச் செருப்பு. கெண்டைக்கால் தசையைச் சுருக்கிவிட்ட ஹை ஹீல்ஸ். உள்பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்து நிற்கும் ஷூ. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, "ஏன் மேடம் வலிக்குது?" என்று அப்பாவியாகக் கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனித குலத்தின் மேலேயே மரியாதை போய்விட்டது. இருந்த இளக்காரத்தில் பெரும்பங்கை ஒரே ஆளுக்காகத் தனியே எடுத்து வைத்திருந்தாள். அவர் அவளுடைய அக்கா கணவர்.

அத்தானுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம். வேலை குறைவு, செல்போன் பார்க்க நேரம் அதிகம். ஒரு காலத்தில் சமைக்காத காய்கறி மட்டும் தின்றார். பிறகு குளிர்ந்த நீரில் மூழ்கிக் கிடந்து சளி பிடித்துக்கொண்டார். இப்போது வெறுங்கால். காலணிதான் மனிதனைக் கெடுத்தது, குதிகாலை ஊன்றி நடப்பது இயற்கைக்கு விரோதம், முன்பாதம்தான் முதலில் தரையைத் தொட வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். சொன்னபடியே நடக்கவும் நடந்தார். சுடுகிற தகரத்தில் பூனை நடப்பது மாதிரி இருந்தது.

"மனுஷன் என்ன செருப்போடயா பொறந்தான்?" என்றார் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில்.

"சட்டையோடவும்தான் பொறக்கல அத்தான். அதுக்காகக் கழட்டிட்டா ஆபீஸ் போறீங்க?"

அக்கா சிரிப்பை அடக்கக் குனிந்து தண்ணீர் குடித்தாள். அத்தான், "பிசியோ மேடத்துக்கு ஷூ கம்பெனிக்காரன் மேல பாசம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

வெறுங்காலில் நடப்பது தப்பு என்று அவள் என்றைக்கும் சொன்னதில்லை. நல்ல கால், மெத்தென்ற தரை, மெல்ல மெல்லப் பழக்கம் என்றால் பாதத்தின் சின்னத் தசைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிற முட்டாளை முழுப் பொய்யனைவிட அவளுக்குப் பிடிக்காது. பொய்யனையாவது பிடித்து மடக்கிவிடலாம்.

அக்காவின் கால் நல்ல கால் அல்ல. பெண்கள் சலூனில் முடி வெட்டுகிறவள் அவள். நாள் முழுக்க வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நின்று நின்று, பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் கணுக்காலுக்கு உள்பக்கம் தளர்ந்துவிட்டிருந்தது. பின்னால் நின்று பார்த்தால் குதிகால் வெளியே சாய்ந்திருக்கும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் முடியாமல் சுவரைப் பிடிப்பாள். தங்கை அவளுக்கு ஷூவுக்குள் வைக்க, வளைவைத் தாங்குகிற இன்சோல் செய்து, குதிகாலைக் கெட்டியாகப் பிடிக்கும் ஷூவும் வாங்கிக் கொடுத்தாள். அத்தான் அந்த ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டார். "ஊன்றுகோல் கொடுத்தா கால் சோம்பேறி ஆயிடும். வெறுங்காலோட நில்லு, வளைவு தானா எழும்பும்" என்றார். அக்கா பரணை நிமிர்ந்து பார்த்தாள்.

சில மாதங்கள் கழித்து அக்கா சாப்பாட்டு இடைவேளையில் கிளினிக்குக்குக் காலைக் காட்ட வந்தாள். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தவளின் நடையில் நல்ல முன்னேற்றம். குதிகால் ஊன்றி, எடை வெளிவிளிம்பு வழியாக முன்னே வந்து, கட்டைவிரல் அழகாக உந்தியது. தங்கை திகைத்துப்போய் அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். புறங்காலில் ஷூ லேஸின் தடம் பதிந்திருந்தது.

"பரண்ல இருந்து எடுத்துட்டியா?"

"சலூன்ல வெச்சிருக்கேன். காலையில போனதும் போட்டுப்பேன். சாயந்திரம் கழட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"அத்தானுக்குத் தெரியாதா?"

"அவர் வைத்தியத்துலதான் சரியாயிட்டு வருதுன்னு நெனச்சிட்டிருக்கார். நெனச்சிட்டுப் போகட்டும்டி. வீட்ல சத்தம் இல்லாம இருக்கு."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இல்ல" என்றாள் அக்கா, சாக்ஸை மாட்டிக்கொண்டே.

அந்த மனிதரை முட்டாள் என்று வெறுக்கலாம். எல்லாம் தெரிந்தே அந்த முட்டாளுக்குத் தீனி போடுகிறவளை என்ன செய்வது? அன்று முழுக்கத் தங்கை கிளினிக்குக்கு வருகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

தீனி நன்றாகவே வேலை செய்தது. மனைவியின் கால் குணமான கதையை அத்தான் அலுவலகம் முழுக்கப் பரப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவில் 'பாத விழிப்பு நடை' என்று கூட்டம் சேர்த்தார். ஓய்வு பெற்றவர்களும், எடை குறைக்க வந்தவர்களும், சும்மா வேடிக்கைக்கு வந்தவர்களும் காலணிகளைப் புல்லில் குவித்துவிட்டுச் சரளைக்கல் பாதையில் முகம் சுளித்தபடி நடந்தார்கள். தங்கையும் போயிருந்தாள். அக்கா கெஞ்சி அழைத்ததாகச் சொல்லிக்கொண்டாலும், கூத்தைப் பார்க்கிற ஆசைதான்.

போன உடனே ஒன்றைக் கவனித்தாள். அத்தான் வலது பாதத்தை முழுதாக ஊன்றவில்லை. வெளிவிளிம்பிலேயே தத்திக்கொண்டிருந்தார். 'மனுஷனுக்கு வலிக்கிறது, மறைக்கிறார்' என்று புரிந்ததும் மனதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

"இதோ என் மனைவி. செத்த கால் இவங்களுக்கு. இப்ப பாருங்க!" என்று அத்தான் கையை நீட்டினார். அக்கா வெறுங்காலோடு கல்லின் மேல் நடந்து காட்டினாள். சிலர் கைதட்டினார்கள். "அப்படியே ஓடிக் காட்டும்மா, முன்பாதத்துல" என்றார்.

அக்கா நின்றாள். "வேணாங்க."

"ஓடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"வலிக்குதுங்க."

"அது வலி இல்லம்மா, விழிப்பு!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா பாதையை விட்டு இறங்கினாள். மெல்ல நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தின நாள் சலூனிலிருந்து கொண்டுவந்திருந்த ஷூவைத் தன் பைக்குள்ளிருந்து எடுத்தாள். பாதத்து மண்ணைத் தட்டி, சாக்ஸ் போட்டு, ஒவ்வொரு காலாக லேஸை இழுத்துக் கட்டினாள். "இதாலதான் சரியாச்சு. என் தங்கச்சி செஞ்சு குடுத்தது" என்று மட்டும் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள். அந்த அம்மாள் உடனே குவியலைக் கிளறித் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். பின்னாலேயே எல்லோரும் தேடினார்கள். கடைசியில் பாதையில் நின்றது அத்தான் மட்டும்தான், அதுவும் ஒற்றைக் காலில்.

வீம்புக்கு அதற்கப்புறமும் வெறுங்காலோடுதான் அலைந்தார். ஒரு வாரத்தில் கால் வீங்கி, அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். தங்கை இரண்டாவது விரலுக்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பில் லேசாக விரலை வைத்தாள். அத்தான் வீறிட்டது வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"எலும்புல விரிசலா இருக்கும். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. பழக்கமில்லாத எடையை எத்தனை நாள்தான் அது தாங்கும்?" என்றாள். "விழிப்பு கொஞ்சம் அதிகமாயிடுச்சு அத்தான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அத்தான், "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாத" என்று ஆறுதல் சொன்னார்.

எக்ஸ்ரேயிலும் விரிசல்தான் இருந்தது. எலும்பு டாக்டர் முழங்கால் வரை வருகிற கனமான பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டிவிட்டார். இனியாவது அடங்குவார் என்று தங்கை நம்பினாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்தபோது, காத்திருப்போர் வரிசையின் நடுவில் அத்தான் பூட்ஸ் காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டாம அசைக்காம கெட்டியாப் புடிச்சு வெக்கணும். பாதத்துக்கு அதுதான் மருந்து. வெறுங்கால்னு சொல்றவனை எல்லாம் கிட்டவே சேர்க்காதீங்க. நான் அனுபவத்துல கண்டுபிடிச்சேன்."

சுற்றியிருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். எதிரே இருந்த அம்மாள் தன் செருப்பைக் கழற்றி, பாதத்தை அவர் பக்கமாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களே முதல்ல உள்ள வாங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் அந்த அம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "சார் சொல்லி முடிக்கட்டும்."